மருந்து போடாத குழாய்

"கிளம்புங்கத்தா மதுரைக்கு! உங்க ரத்தம் எனக்கு இன்னொரு தடவை வேணும்."

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த மூச்சு அடங்கும் முன்பே ஷஹீனா கத்தினாள். வீரசோழன் ஊரில், வீட்டோடு ஒட்டிய ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் அத்தா அப்துல் பாரி திகைத்துப் போனார். மதுரையில் ரத்த ஆராய்ச்சி செய்கிற மகள், வாரத்தின் நடுவில் இப்படி வந்து நிற்பாள் என்று யார் கண்டது?

"முதல்ல தண்ணியக் குடி புள்ள," என்று சொம்போடு வந்தாள் அம்மா ஜைனப். "சரக்கு எடுக்கப் போன இடத்துல போன வாரந்தானே ரத்தம் கொடுத்தாக? வாரா வாரம் மதுரைக்கு அலையுறாக, வர்ற துணி என்னமோ ஒரு கட்டுதான். இதுல ரத்தம் வேறயா?"

"அந்த ரத்தந்தாம்மா அதிசயம்!" ஷஹீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரத்தத்தை உறைய வைக்கிறதுக்குத் தட்டணுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள சேருற பழைய புரதத்தை உடைச்சுத் தள்ள ஒரு குட்டி எந்திரமும் இருக்கு. அதை நிறுத்திட்டா தட்டணு சீக்கிரமே செத்துரும்."

"பழைய சரக்கைத் தள்ளாத கடை மாதிரின்னு சொல்லு," என்றார் அப்துல் பாரி.

"அதேதான்! அதை நிறுத்த ஒரு புற்றுநோய் மருந்து இருக்கு. ஒவ்வொருத்தர் ரத்தத்தையும் ரெண்டு குழாயில ஊத்தி, ஒண்ணுல மட்டும் அந்த மருந்தைப் போட்டேன். போட்டது செத்துச்சு, போடாதது பொழைச்சுது. உங்களது மட்டும் மருந்தே போடாத குழாயிலயும் செத்துப்போச்சுத்தா! இன்னொரு தடவையும் அப்படியே வந்துட்டா, இது யாருமே பாக்காத விஷயம். என் மூணு வருஷப் பாடு பலிச்சிரும். எங்க மேடமே நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாங்க!"

அப்துல் பாரியின் கை மடித்த துணிமேல் அப்படியே நின்றது.

"அந்த மருந்து பேரு என்னம்மா?"

"போர்டெசோமிப். அது எதுக்கு உங்களுக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. பல மாதமாக அந்த வீடு பார்க்காத சிரிப்பு அது. எழுந்து வந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப அது என் உடம்புல ஏறி வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்றார். "மதுரையில வாரா வாரம் எனக்கு அந்த ஊசியத்தான் போடுறாக."