பாழூரின் ராணி

"தலை வலிக்குது, திரும்பிடலாம் சிந்து" என்று பஸ்ஸிலேயே முனகினான் கவின். மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆளில்லாத ஊர்களைச் சுற்றிக் காட்டும் ஞாயிற்றுக்கிழமை டூருக்கு ஆசை ஆசையாக டிக்கெட் எடுத்திருந்தாள்.

ஆனேக்கல் பக்கம் ஒரு முட்புதர் ஓரமாக பஸ் நின்றது. இடிந்த கட்டடத்துக்குள் கைடு மஞ்சுநாத் டார்ச் அடித்தபடி முன்னே நடந்தார்.

"நோடி சார், பாருங்க, சின்னச் சின்னத் தடுப்புக்குள்ள வாழ்ந்திருக்காங்க. அடுப்பு கிடையாது, தொட்டில் கிடையாது. கொள்ளைநோய் வந்ததும் ஒரே நாள்ல காலி பண்ணிட்டு ஓடிட்டாங்க."

மூலையிலிருந்த புழுதி மேட்டைக் கிளறி ஒரு பாத்திரத்தை எடுத்தார்.

"உள்ள இருக்கிற சாப்பாடு கல்லாவே ஆயிடுச்சு! மூடியில புள்ளி புள்ளியா எழுத்து. தமிழ் மாதிரி இருக்கு, யாருக்காவது படிக்க வருமா?"

சிந்து வாங்கித் துடைத்துப் படித்தாள். "ஆம்பூர் வேதவல்லி."

"இந்த ஊர் ராணியா இருக்கும்!"

"ராணி இல்ல சார், எங்கம்மா. சீர்ல குடுத்த டிபன் பாக்ஸ் இது. லாக்டவுனுக்கு முன்னாடி கடைசியா லெமன் ரைஸ் கட்டிக் குடுத்தேன்."

கவின் பக்கம் திரும்பினாள்.

"இதான் உங்க பழைய ஆபீஸா? டிபன் பாக்ஸை உங்க தங்கச்சி எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னீங்களே! இன்னிவரைக்கும் நான் அவகிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லையே!"

கவின் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். கைடு அவனைப் பயபக்தியோடு பார்த்தார்.

"அப்போ இந்த ஊர்லேர்ந்து உயிர் தப்பின ஆளா சார் நீங்க?"

"இன்னும் தப்பிக்கல" என்றாள் சிந்து.