அஞ்சுக்கு அரை

படம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தான் பூவரசன். மாரண்டஹள்ளியில் அவன் தன் யூடியூப் சேனலில் படத்துக்கு மார்க் போட்ட பிறகுதான் பாதிப் பேர் டிக்கெட்டே எடுப்பார்கள். நண்பன் ஃபைசான் லைவ் போட்டுச் செல்போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

“மக்களே, இந்தப் படத்துக்கு என்னோட மார்க் அஞ்சுக்கு அரை. அந்த அரையும் பாப்கார்னுக்கு.”

ஃபைசான் திகைத்தான். “டேய், ஒரு வாரமா ஊரையே கெளப்பி விட்டது நீதானே? ஹீரோ நல்லாத்தானேடா நடிச்சிருக்கான்?”

“நடிச்சான்.”

“பாட்டு, சண்டை?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது. எடிட்டிங்தான் கேவலம். சந்தை சீன்தான் படத்துக்கே உயிரு. அதை ரெண்டு செகண்டுல முடிச்சுட்டான். அவனை எடிட்டிங்ல உக்கார வெச்சவனை உதைக்கணும்.”

“எனக்கு அப்படி ஒரு சீனே ஞாபகம் இல்லியே.”

“அதைத்தாண்டா நானும் சொல்றேன்!”

அதற்குள் சொந்தக்காரர்கள் இருபது பேரோடு பூவரசனின் அம்மா கோவிந்தம்மாள் வெளியே வந்தாள். ஃபைசான் போனை அவள் பக்கம் திருப்பினான். “அம்மா, படம் எப்படிங்க இருக்குது?”

“அஞ்சுக்கு அஞ்சு போடு, சாமி. நம்ம வூட்டு மாடு அந்தச் சந்தையில என்ன லட்சணமா நடந்து வருது!” என்றவள் மகனைப் பார்த்தாள். “ஏன்டா, கயித்தைப் புடிச்சுக்கிட்டு நீ வருவேன்னு சொல்லித்தானே வேன் வெச்சு எல்லாரையும் கூட்டியாந்தே? ஒத்தைக் கைதானேடா தெரிஞ்சுது?”