மாதிரிக்குக் கொஞ்சம் மண்

ஏமாளி தானாக வீடு தேடி வந்தால் யார்தான் விடுவார்கள்? கென்ஜெபெக்கும் விடுவதாக இல்லை.

ஷிம்கெந்த் நெடுஞ்சாலையில் சைலன்சர் பழுது பார்க்கும் கடை அவனுடையது. கடையை ஒட்டிய புல்லும் முளைக்காத சாலையோர நிலமும் அவனுடையதுதான். வண்டிப் புகையோடு பிளாட்டினம் வெளியேறி மண்ணில் படிகிறது, அதைப் பிரித்தெடுக்கலாம், மண் நன்றாக இருந்தால் நிலத்தையே கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அல்மாத்தியிலிருந்து தெலேகென் என்ற பெரியவர் வந்து இறங்கினார்.

லாரி மண்ணைச் சலித்தாலும் கடுகளவு தேறாது என்பது கென்ஜெபெக்குக்குத் தெரியும். ஆனால் பழைய கார்களிலிருந்து கழற்றிய புகை வடிகட்டிகள் முந்நூறு அவனிடம் இருந்தன. ஐந்து வருடச் சேமிப்பு. அவற்றுக்குள் இருப்பது அசல் பிளாட்டினம்.

நாளை எந்த இடத்தில் மண் எடுப்பேன் என்பதையும் பெரியவரே சொல்லிவிட்டுப் போனார். கென்ஜெபெக்கின் மனைவியின் தம்பி ஒரல்பாய்க்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பத்து வடிகட்டிகளை இடித்துத் தூளாக்கி அந்த இடத்தில் தூவினார்கள்.

மறுநாள் மண்ணைச் சோதித்த பெரியவர் வாயைப் பிளந்தார். மரத்தடியிலும் பார்க்க வேண்டும் என்றார். அங்கேயும் தூவினார்கள். பிறகு வளைவில், பிறகு பாலத்தருகே. கடைசியாக, உலையில் போட்டுப் பார்க்கப் பள்ளத்திலிருந்து நாற்பது மூட்டை வேண்டும், அதற்கப்புறம் கையெழுத்துதான் என்றார்.

ஒரல்பாய் தயங்கினான். "மாமா, மிச்சத்தையும் இடிச்சுட்டா நம்மகிட்ட ஒண்ணுமே இருக்காதே."

"விதைக்கிற கோதுமைக்கு அழுதா அறுவடை ஏதுடா? இடி."

எல்லாம் தூளாயிற்று. கல்யாணத்தில் மிட்டாய் வீசுவது போல இருவரும் ஆடிக்கொண்டே அதைப் பள்ளம் முழுக்க வீசினார்கள்.

அன்று ஆடு அறுத்து விருந்து. மரியாதைக்கு ஆட்டுத் தலை பெரியவருக்கு. விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பலாமா? மீந்த கறியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, நாற்பது மூட்டையையும் கென்ஜெபெக்கே தோளில் சுமந்து பெரியவர் கொண்டுவந்த லாரியில் ஏற்றினான். திங்கட்கிழமை பத்திரத்தோடு வருவதாகப் பெரியவர் கையைப் பிடித்துச் சொன்னார். லாரி கண்ணிலிருந்து மறைந்ததும் மாமாவும் மச்சானும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

திங்கட்கிழமை அல்மாத்தியில், தெலேகென் தன் வீட்டுக் கொல்லையில் உலையை அணைத்து, அடியில் தேங்கியிருந்த வெள்ளைக் கட்டியைத் துடைத்து மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்து எந்த ஊர் என்று கேட்டாள்.

"தராஸ். அங்கே ஒரு சைலன்சர் கடைக்காரன் இருக்கானாம், ஊரறிஞ்ச பித்தலாட்டக்காரன். மண்ணு இன்னும் நல்லா இருக்கும்."