கைக்கொரு பொட்டலம்

பூங்கோதையைப் பட்டப்படிப்புக்கு வாவென்று உலகத்தின் ஆகப்பெரிய இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே நாளில் கூப்பிட்டுவிட்டன. எதற்குப் போவதென்று வீட்டில் நாற்பது நாள் நடந்த சண்டையில் தெருநாய்கள்கூட இரண்டு கட்சியாகிவிட்டன. இன்று மாலை ஐந்துக்குள் ஒன்றுக்குச் சம்மதம் அனுப்பாவிட்டால் இரண்டுமே போய்விடும். நாலு மணிக்கு அப்பா தணிகாசலம் ஒன்றுக்கு வெள்ளைப் பூ, மற்றதற்குச் சிவப்புப் பூ என்று பொட்டலம் மடித்துச் சாமி படத்தின் முன் போட்டார். ஒன்றை எடுத்துத் தர, எதிர்வீட்டு மூன்று வயது ஆதிராவை அழைத்துவந்தார்கள். அவள் கைக்கொன்றாக இரண்டையும் அள்ளி விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

“ஒண்ணுதான்டி செல்லம்!” என்று அம்மா கெஞ்சினாள். மிட்டாய் வந்தது, பொம்மை வந்தது, தெருவே திரண்டு வந்தது. யானை கட்டி இழுத்தாலும் பிரியாத விரல்கள்.

“நானே ஏதாச்சும் ஒண்ணுக்கு அனுப்பிடுறேம்ப்பா.”

“சாமிகிட்ட கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள கை வைக்கிறதா? தெய்வ குத்தம்மா!” அப்பா மடிக்கணினியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆதிரா பொட்டலங்களோடு தூங்கிப்போனாள். பூங்கோதை அந்தச் சின்ன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தேகாலுக்குக் கண்விழித்த குழந்தை, வியர்வையில் நசுங்கிய இரண்டையும் அவள் மடியில் வைத்தது.

“அழாதக்கா. ரெண்டுமே ஒனக்குத்தான்.”