சீனி தூவிய பணிஸ்

சீனி தூவிய பணிஸ்தான் வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன்.

உசனார் காக்காவுக்கு அது பிடிக்கவில்லை. காத்தான்குடியில் அவருடைய பேக்கரிக்கு ஒரு பெயர் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் மஸ்கத், தொதல் என்று விலைகூடிய இனிப்பெல்லாம் மினுங்கிக்கொண்டிருக்க, ஒருத்தி வந்து தேத்தண்ணிக்குக் கடிக்கிற மலிவுப் பணிஸைக் கேட்டால் அவருக்குக் கோபம் வராதா?

“கந்தோருக்கு யாராச்சும் பணிஸ் கொண்டு போவாங்களா புள்ள? என்ன விசேசம், புரமோசனா?”

“ஆமிக் காம்பிலருந்து என்ன விட்டுட்டாங்க காக்கா. அதான் விசேசம்.”

அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு போறணைப் பக்கம் போய், சூடாக எடுத்துவந்து அட்டைப் பெட்டியில் அடுக்கினார். சீனி உதிராதபடி மேலே ஒரு எண்ணெய்த்தாளும் வைத்தார்.

பிள்ளை பிறந்தால் கந்தோரில் இனிப்புக் கொடுக்கிறார்கள். வீடு கட்டினால் கொடுக்கிறார்கள். காம்புக்குப் போய் உயிரோடு திரும்புவதைவிட இந்த ஊரில் இப்போது வேறென்ன பெரிய விசேஷம் நடக்கிறது?

அம்மா வேண்டாம் என்றார். கொஞ்ச நாளைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போய் வா என்றார். நான் இருப்பதிலேயே நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன்.

கல்லடிப் பாலத்தில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, ஒரு பணிஸை எடுத்துக் கடித்தான். ஒன்று குறைந்தால் என்ன, நான் கூடுதலாகத்தான் வாங்கியிருந்தேன். வாவிக் காற்றுக்குச் சேலை பறக்காமல் பிடித்துக்கொண்டு அடுத்த கரைக்கு நடந்தேன்.

என்னைப் பிடித்தது எங்கள் ஊர்ச் சுற்றிவளைப்பில். சனம் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். முன்னால் ஒரு கதிரையில் தலையாட்டி இருந்தான். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் வாய் திறக்கத் தேவையில்லை. தலையாட்டினால் போதும், அந்த ஆளை லொறியில் ஏற்றிவிடுவார்கள்.

எனக்கு ஆட்டினான். கந்தோரில் தட்டச்சு செய்வதைத் தவிர நான் ஒன்றும் அறியேன்.

காம்பில் நடந்ததைச் சொல்லப்போவதில்லை. யார் யாரைத் தெரியும் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவ்வளவுதான்.

கந்தோருக்குள் நான் நுழைந்ததும் எல்லோரும் மேசைக்குக் குனிந்தார்கள். தலைமை லிகிதர் கனகசூரியம் முகத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். என்னோடு பேசினால் அவருடைய பெயரும் எங்கேயாவது போய்விடும் என்று பயம். பயப்படட்டும். பணிஸைத் தின்றுவிட்டுப் பயப்படட்டும்.

றஸீனா மட்டும் எழுந்து ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். முதல் பணிஸ் அவளுக்கு. கனகசூரியத்துக்கு அந்தக் கோப்பின் மேலேயே ஒன்றை வைத்தேன்.

ஜன்னலோரத்தில் யோகராசா அண்ணன். நான் உள்ளே இருந்தபோது வீட்டுக்கு வந்து விசாரித்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தாராம். அந்த மனுசனை மறந்துவிடாதே என்று அம்மா சொல்லியே அனுப்பினார். என்னைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பணிஸை எடுத்துக்கொண்டார்.

ஒருவரையும் விடாமல் கொடுத்துவிட்டு என் கதிரையில் போய் இருந்தேன். என்னுடைய மேசை சுவரைப் பார்த்தபடி. மற்றவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால்.

தேநீர் வந்தது. நான் திரும்பவில்லை, குடிக்கவுமில்லை. காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன்.

டொக், டொக்.

அன்று மைதானத்தில், லொறியில் ஏற்றும்வரை, கையைக் கட்டி என்னை அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் வெயிலில் இருத்தியிருந்தார்கள். தலையாட்டி களைத்துவிட்டான் என்று ஒரு ஆமிக்காரன் தேத்தண்ணியும் சீனி பணிஸும் கொண்டுவந்து கொடுத்தான். அவன் சாக்கை வாய்வரைக்கும் தூக்கினான். தின்பதற்கு முன், பணிஸைப் பிடித்த விரல் முட்டி படும்படி கதிரைக் கையில் இரண்டு தடவை தட்டினான். டொக், டொக். சீனி உதிர்ந்து சாக்கில் விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். ஒவ்வொரு நாளும் தேநீர் நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் கேட்கிற சத்தம். எந்த மேசையிலிருந்து என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. காம்பில் இருந்த நாளெல்லாம் ஒவ்வொரு முகமாக வைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஆளைப் பார்க்காமல் பழி போட நான் என்ன சாக்கா போட்டிருக்கிறேன்? அதனால்தான் மஸ்கத் வாங்கவில்லை.

திரும்பினேன்.

யோகராசா அண்ணன் மேசை விளிம்பில் ஒட்டியிருந்த சீனியை விரலால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டியில் ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். இந்த மனுசன் நாளைக்கும் அந்தக் கதிரையில் இருக்கலாம், நாளைக்கும் என்னைக் காட்டலாம். அவரையும் அடித்துத்தான் அங்கே இருத்தியிருப்பார்கள். அதுவும் எனக்கு விளங்குகிறது. அடி எனக்கும்தான் விழுந்தது. நான் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை.

பெட்டியை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டேன்.

“இன்னொண்டு வேணுமா அண்ணன்? வாயால சொல்லத் தேவல்ல. தலையாட்டினாக் காணும்.”

கனகசூரியம் கோப்பிலிருந்து முகத்தை எடுத்தார்.

யோகராசா அண்ணனின் தலை அசையவில்லை. கையிலிருந்த பணிஸ்தான் ஆடியது.