மேடத்துக்குச் சர்க்கரை இல்லாத டீ

கணக்குப் பார்க்க மெத்தை தைக்கும் கூடத்துக்குள் நாங்கள் நுழைந்ததுமே முதலாளி எழுந்து நின்றார். எனக்காக அல்ல, என் பின்னால் வந்த பெண்ணுக்காக.

ஆடிட்டர் அலுவலகத்தில் அவளுக்கு அது முதல் வாரம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நுழைவுத் தேர்வு எழுதி, நேராகப் பயிற்சிக்கு வந்துவிட்டவள். நானோ கல்லூரி எல்லாம் முடித்து, பிறகு புத்தி வந்து, இந்தப் பக்கம் திரும்பியவன். எனக்கு முன்னால் அவள் ஆடிட்டராகிவிடுவாள் என்று ஆபீஸில் எல்லோரும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆடிட்டருக்கு மட்டும் சந்தேகம். இவ்வளவு சின்னப் பெண் தாக்குப்பிடிப்பாளா? இன்றைக்கு நான் சொல்வதை வைத்துத்தான் அவளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பது முடிவாகும். அது அவளுக்கும் தெரியும்.

வாசலிலேயே அவள் கால் தயங்கியது. முதல் வேலை, பயம் இருக்கத்தானே செய்யும்.

கூடம் முழுக்கப் பஞ்சு பறந்தது. தையல் மெஷின்களில் இருந்த பெண்கள் குனிந்தபடி சிரித்தார்கள். என் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

முதலாளி நல்ல நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார். ஃபேனையும் அவள் பக்கமே திருப்பினார். எனக்கு வியர்த்தது. டீயை அவரே கொண்டுவந்தார்.

“இது சர்க்கரை போடாதது. மேடத்துக்கு.”

அவள் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடம் முடித்த பெண்ணை மேடம் என்று காக்கா பிடிக்கிறாரே, கணக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முடியில் ஒரு துளிப் பஞ்சு வந்து ஒட்டியது. அவர் கை தானாக நீண்டது. பாதியில் பின்வாங்கி, பக்கத்தில் இருந்த மெத்தையைத் தட்டியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

சீக்கிரம் முடித்துக் கிளம்பலாம் என்று ரசீதுக் கட்டை அவளிடம் நீட்டினேன். அவள் தொடவில்லை. எழுந்து நின்றாள்.

“அண்ணா, இந்தக் கணக்க நான் பாக்கக் கூடாது.”

போச்சு, ஆடிட்டர் பயந்தது போலவே ஆகிவிட்டது. நிஜமாகவே பாவமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் முதலாளி, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“என்னைத் தெரியும்னு ஆபீஸ்ல யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான். சிபாரிசுல வந்தவள்னு பேர் வந்துடக் கூடாதுன்னு. ஆனா சொந்தக்காரங்க கணக்கத் தொடக் கூடாதுன்னு மொத நாளே சொன்னீங்களேண்ணா.” திரும்பாமலே கையைப் பின்னால் காட்டினாள். “இவர் எங்கப்பா.”

தையல் மெஷின்கள் நின்றன.

ஆடிட்டருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள், இந்தக் கணக்கை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. மறுமுனையில் அவர் சிரித்தது கூடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

முதலாளியின் கை மறுபடி நீண்டது. இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை.

“விடுங்கப்பா, ஆபீஸ் நேரம்” என்றாள்.

தலையை மட்டும் நகர்த்தவில்லை.