சத்தமில்லாமல் வரணும்

"நான் கூப்பிடவே மாட்டேன் மாஸ்டர். கையை அசைச்சா பஞ்சு வந்து நிக்கணும்," என்றாள் நாயோடு வந்த தையல்காரம்மா.

நாய்ப் பயிற்சி மாஸ்டர் சிரித்தார். "போட்டியில வாயாலயும் கூப்பிடலாம்மா. மார்க் குறையாது."

"வேண்டாம் மாஸ்டர். அது குரைக்கவும் கூடாது."

அடுத்த வாரம் டேப்பைக் கொண்டுவந்து அளந்து, தாண்டும் கட்டையைத் தன் இடுப்புயரத்துக்கு ஏற்றச் சொன்னாள். மூன்றாம் மாதம் பஞ்சு மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் தாண்டி வந்து அவள் காலடியில் நின்றது. அவள் அழுதே விட்டாள். கோப்பை இவளுக்குத்தான் என்று மாஸ்டர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

போட்டியன்று அவளை மூன்று முறை அழைத்தும் ஆளைக் காணோம். மைதானத்துக்கு வந்தது அவள் புருஷன்.

"நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் மாயமாயிட்டாங்க சார். வாசக்கதவு பூட்டினபடியே இருக்கு, சாவி எப்பவும் எங்கிட்டதான். சமையலறை ஜன்னல் மட்டும் திறந்து கிடக்கு. இலை அசைஞ்சாலே ஊரைக் கூட்டுற நாய், இன்னிக்கு ஒரு சத்தம் போடல."

மாஸ்டருக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் போட்டிக்கென்று பஞ்சுவைப் பழக்கவே இல்லை.

"எங்க இருக்காங்க?" என்று கேட்டான் புருஷன்.

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"பரவாயில்ல." அவன் சிரித்த முகமாகவே ஒரு நாற்காலியை இழுத்து மைதானத்து வாசலோரம் போட்டு உட்கார்ந்தான். "மூணு மாசம் உங்க கையால தின்ன நாய். உங்களைத் தேடி வராமலா போயிடும்?"